அத்தியாயம் 4: முதல் குழுவோடு நடக்கும் நாள்

வில்பத்துவுக்குள் நடந்து போக முடியாது. இந்த வேலைக்கு வருகிறவர் முதலில் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டியது இது. காலையில் தொலைபேசி அடிக்கும். “தம்பி, நாங்கள் பத்துப் பேர் வருகிறோம். வில்பத்துவில் இரண்டு நாள் காட்டுக்குள் நடக்க வேண்டும், ஏற்பாடு செய்ய முடியுமா?” என்று ஒருவர் கேட்பார். புதிதாக உரிமம் எடுத்தவருக்குக் கைக்கு வந்த முதல் குழுவை விட மனம் வராது. “செய்யலாம் அண்ணா, வாங்கோ” என்று வாய் முந்திக்கொள்ளும். முழுப் பயணமும் அந்த ஒரு சொல்லிலேயே கெட்டுவிடும். வந்தவர்கள் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது என்று வாசலில்தான் அறிவார்கள். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர்கள் முழுதாக நம்பமாட்டார்கள். பாம்பு நிற்கிறது, நகராதீர்கள் என்று சொன்னாலும்கூட.

ஆகவே தொலைபேசியிலேயே உண்மையைச் சொல்லுங்கள். வில்பத்து 1905 இல் சரணாலயமாகி, 1938 இல் தேசியப் பூங்காவானது. 131,667 ஹெக்டேயர் பரப்போடு இலங்கையின் தேசியப் பூங்காக்களில் அதுவே பெரியது. சிறுத்தையும் கரடியும் யானையும் அடர்ந்த புதர்க்காட்டில் திரிகிற இடம். காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில், வாகனத்தில் மட்டும், வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகளுக்கு உட்பட்டுப் போகலாம். குறித்த சில இடங்களில் மட்டும் இறங்கலாம். நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நம் கரையில் வேறு இடங்கள் இருக்கின்றன. அவை வில்பத்துவுக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல.

நான் புதியவர்களுக்குச் சொல்லும் இரண்டு நாள் ஒழுங்கு இதுதான். முதல் நாள் விடிகாலை ஆனைவிழுந்தான் குளக்கட்டுகளில் நடை. பிற்பகல் புத்தளம் வந்து தங்கல். இரண்டாம் நாள் எலுவன்குளம் வாசல் வழியாக வில்பத்துவுக்குள் ஜீப். நேரமும் காற்றும் இடம் கொடுத்தால் கலா ஓயா முகத்துவாரத்தில், கங்கேவாடியாவில், கண்டல் காட்டுக்கு நடுவே படகு. இப்படி வைத்தால் நடையும் காடும் கடலும் ஒரு பயணத்திலேயே கிடைக்கும், யாரையும் ஏமாற்றவும் தேவையில்லை.

உரிமத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அட்டை இல்லாமல் வெளிநாட்டுக் குழுவை அழைத்துப் போகாதீர்கள். அட்டை கழுத்தில் தொங்கட்டும், சட்டைப் பைக்குள் வேண்டாம். கட்டணத்தையும் அதில் எது அடங்கும், எது அடங்காது என்பதையும் முதல் நாளே வாட்ஸப்பில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள். பூங்கா நுழைவுக் கட்டணம், ஜீப், படகு, மதியச் சாப்பாடு ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதுங்கள். பணத்தைப் பற்றிய பேச்சு குளக்கட்டில் நடக்கக் கூடாது.

முந்திய நாள்

குழு வருமுன் அந்தப் பாதையில் ஒரு தடவை தனியாக நடந்து பாருங்கள். நூறு முறை நடந்த பாதையாக இருந்தாலும் நடக்க வேண்டும். போன கிழமை வான் பாய்ந்து கட்டு ஓரிடத்தில் அரித்திருக்கலாம். நேற்று இரவு யாரோ மாடு கட்டிய கயிறு புல்லுக்குள் கிடக்கலாம். குளவிக் கூடு ஒன்று புதிதாகத் தொங்கலாம். நான் போகும்போது கையில் ஒரு குறிப்புப் புத்தகமும் ஒரு கத்தியும்தான் இருக்கும். எங்கே நிழல் இருக்கிறது, எங்கே பதினைந்து பேர் வட்டமாக நிற்க இடம் இருக்கிறது, தொலைபேசிக்குச் சிக்னல் எங்கே விழுகிறது, எங்கே விழாது என்று எழுதிக்கொண்டு வருவேன். அவசரத்தில் எந்த மரத்தடியிலிருந்து அழைப்பு எடுக்கலாம் என்று தெரியாதவர் குழுவை அழைத்துப் போகக் கூடாது.

பிறகு ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். துருசு திறக்கிறவர், மாடு மேய்க்கிறவர், வலை வீசுகிறவர் இந்த மூவரிடமும் கேட்டுவிட்டால் அன்றைய நாள் ஏறக்குறைய உங்கள் கையில். வண்ணாத்திவில்லு, எலுவன்குளம் பக்கம் போவதானால் யானையைப் பற்றிக் கேட்காமல் ஒரு அடியும் எடுத்து வைக்காதீர்கள். நேற்றிரவு எந்தத் தோட்டத்தில் வேலி உடைந்தது என்பது அந்த ஊர்களில் காலைத் தேநீரோடு வரும் செய்தி.

கடலிலும் களப்பிலும் காற்றுத்தான் எசமான். சோளகம் வீசும் மாதங்களில், வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை, கற்பிட்டிப் பக்கத்துக் கடல் முரடாக இருக்கும். அப்போது பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிறவர்கள்தான் அங்கே வருவார்கள். ஓங்கில் பார்க்கப் போகிறவர்களுக்குக் கார்த்திகை முதல் சித்திரை வரையே காலம். கங்கேவாடியாவில் எனக்குப் படகு ஓட்டுகிற நானா ஒருவர் இருக்கிறார். வானிலை அறிக்கை பார்த்துவிட்டு நான் அழைத்தால் அவர் முதலில் வெளியே போய்த் தென்னோலையைப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார். “தம்பி, இப்ப அடங்கித்தான் இருக்கு. ஆனா பத்து மணிக்குப் பிறகு நான் பொறுப்பில்ல” என்பார். அவர் பத்து என்றால் நான் ஒன்பதரைக்குக் கரையில் நிற்பேன்.

விருந்தினரிடமும் முந்திய நாளே கேட்க வேண்டியவை உண்டு. வயது, நடை, மருந்து. “உங்களுக்கு என்ன வருத்தம்?” என்று நேரே கேட்டால் நம் ஆட்கள் சொல்லமாட்டார்கள். “காலையில் என்ன குளிசை போடுவீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்ட பிறகு?” என்று கேளுங்கள். சீனி வருத்தமும் பிரஷரும் அந்தக் கேள்வியில் தானாக வெளியே வரும். மூச்சிழுப்பு உள்ளவர் பம்பைக் கையில் எடுத்துக்கொண்டாரா, பெட்டியில் வைத்துவிட்டு வருகிறாரா என்று பாருங்கள்.

தண்ணீர் ஒருவருக்கு இரண்டு லீற்றர், மாசி முதல் ஆவணி வரை மூன்று. ஜீவனிப் பைக்கற்று ஐந்தாறு உங்கள் பையில் இருக்கட்டும். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கலக்க வேண்டும். பாதிப் பைக்கற்றை ஒரு கோப்பையில் கலக்கிக் கொடுப்பது பலரும் செய்யும் பிழை. தொப்பி, முழுக்கைச் சட்டை, மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை. காற்சட்டையின் அடியைச் சொக்ஸுக்குள் செருகச் சொல்லுங்கள். பார்க்க அழகில்லை என்று இளசுகள் முகம் சுளிப்பார்கள். குளக்கட்டுப் புல்லில் உண்ணி ஏறினால் மூன்று கிழமைக்குச் சொறிவது அவர்கள்தான்.

கடைசியில் வருபவர்

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் பருவத்தில் நடந்தது. பதினான்கு பேர். கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பமும் சென்னையிலிருந்து வந்த அவர்களின் சொந்தக்காரர்களும். ஒரு இளைஞருக்குப் பறவை என்றால் உயிர். கழுத்தில் பெரிய கமரா. நான் அவரோடு முன்னால் போய்விட்டேன். குளத்தில் தாமரை இலைகளுக்கு மேலே நீலத்தாழைக்கோழி ஒன்று கால் வைத்து நடந்துகொண்டிருந்தது, அவர் படம் எடுக்க எடுக்க நான் பெயர்கள் சொல்லிக்கொண்டே போனேன். எனக்கும் உற்சாகம். அரை மணி நேரம் அப்படியே போயிற்று. துருசடியில் நின்று எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று.

அம்மம்மா இல்லை. அவருடைய செருப்பின் வார் அறுந்திருக்கிறது. யாரையும் சிரமப்படுத்தக் கூடாதென்று ஒரு சொல்லும் சொல்லாமல் கட்டோரத்து மருத மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பேரப்பிள்ளைகள் எல்லாரும் அம்மம்மா சித்தியோடு வருகிறார் என்று நினைத்தார்கள். சித்தி அவர் முன்னால் போய்விட்டார் என்று நினைத்தார். நான் திரும்பி ஓடினேன். அவர் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு அமைதியாக இருந்தார். அவரிடமிருந்து முப்பது அடி தள்ளி, கரைச் சேற்றில், ஒரு முதலை வாயைப் பிளந்தபடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சேறு காய்ந்து அதன் முதுகில் சாம்பல் நிறமாக வெடித்திருந்தது. அவர் அதை மரக்கட்டை என்று நினைத்திருந்தார். “வா தம்பி, இளைப்பாறிவிட்டுப் போவோம்” என்றார். அந்த இடத்தில் என் கால் நடுங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

ஒன்றும் நடக்கவில்லை. அவரை மெல்ல எழுப்பி, கட்டின் மறுபக்கமாக அழைத்து வந்தேன். அன்றைக்குப் பிறகு நான் முன்னால் நடந்ததே இல்லை. முன்னால் பாதை தெரிந்த ஒருவரை விடுவேன், உள்ளூர்ப் பையனோ உதவியாளரோ. யாரும் இல்லையென்றால் குழுவிலேயே நிதானமான ஒருவரைப் பிடித்து, “நீங்கள் முன்னால் போங்கள், அந்த மரத்தடியில் நில்லுங்கள், அதைத் தாண்டக் கூடாது” என்று இடம் குறித்து அனுப்புவேன். நான் கடைசியில் வருபவருக்கு ஒரு அடி பின்னால். கடைசியில் வருபவர் எந்த வேகத்தில் நடக்கிறாரோ அதுதான் குழுவின் வேகம். முன்னால் போனவர்கள் நின்று காத்திருக்கும்போது அவர்களுக்கு ஓய்வு கிடைத்துவிடும். பின்னால் வருபவர் வந்து சேர்ந்தவுடன் எல்லாரும் புறப்பட்டால் அவருக்கு மட்டும் ஓய்வே இல்லை. ஆகையால் கடைசி ஆள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடித்த பிறகு ஐந்து நிமிடம் என்று கணக்கு வையுங்கள்.

எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. தலைகளை எண்ணினால் பிழைக்கும். இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்த்துவிடுங்கள். கணவன் மனைவியைச் சோடி சேர்க்காதீர்கள், அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள். ஒரு முதியவருக்கு ஒரு சிறுவர், ஒரு படம் எடுக்கிறவருக்கு ஒரு பேச்சுக்காரர். “சோடி இருக்கிறதா?” என்று கேட்டால் அவரவரே கை தூக்குவார்கள். ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் நான் எடுப்பதில்லை. அதற்கு மேல் வந்தால் இன்னொரு வழிகாட்டியைச் சேர்த்துக்கொள்வேன், வருமானம் பாதியானாலும்.

ஆனைவிழுந்தானில் நிற்க வேண்டிய இடங்கள்

சிலாபத்திலிருந்து புத்தளம் போகிற வீதிக்கும் ரயில் பாதைக்கும் மேற்கே, உடப்புக்கு அருகில் இந்தச் சரணாலயம். 1,397 ஹெக்டேயர். பூந்தலவுக்குப் பிறகு இலங்கையிலிருந்து ரம்சார் பட்டியலில் ஏறிய இரண்டாவது ஈரநிலம், 2001 இல். பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது, தமிழ் தெரிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. ஒன்றின் நீர் வழிந்து அடுத்ததில் விழும்படி தொடுத்த பழைய குளங்கள் இவை. மேல் குளத்து வயலுக்குப் பாய்ந்த மிச்சத் தண்ணீர் கீழ்க் குளத்துக்கு வரும். இன்றும் அந்தத் தண்ணீரில்தான் நெல் விளைகிறது. குளங்களைத் தாண்டிப் போனால் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய், அப்பால் கண்டல், அப்பால் கடல். நன்னீரும் உவர்நீரும் இவ்வளவு நெருக்கமாகக் கிடக்கும் இடத்தில் காலை இரண்டு மணி நேர நடையிலேயே ஒரு நாட்டின் நீரியல் பாடம் முழுவதையும் காட்டிவிடலாம்.

இங்கே எல்லாவற்றையும் சொல்லிவிடத் துடிக்காதீர்கள். நடந்துகொண்டே பேசினால் முதல் நான்கு பேருக்கு மட்டுமே கேட்கும். நின்று பேசுங்கள், வெயில் உங்கள் முகத்தில் படும்படி. அப்போது அவர்கள் கண் கூசாது. நான் நான்கு இடத்தில் நிற்பேன்.

முதல் இடம் வயலோரம். அங்கே ஆட்காட்டி இருக்கும். மனிதர் வருகிறார் என்று ஊருக்கெல்லாம் கூவி அறிவிக்கும் பறவை. அது கூவினால் எல்லாரையும் நிற்கச் சொல்வேன். நம்மைப் பார்த்துக் கூவுகிறதா, வேறெதையாவது பார்த்தா? நாம் அசையாமல் நின்ற பிறகும் அது ஒரே புதரைச் சுற்றிச் சுற்றிக் கூவினால் அங்கே கீரியோ பாம்போ உண்டு. காட்டைக் காதால் பார்க்கப் பழக்குவதற்கு இதைவிட நல்ல ஆசிரியர் எனக்குக் கிடைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் இந்த இடத்தில் அரை மணி நேரம்கூட நின்றுவிடுவார்கள்.

இரண்டாவது துருசடி. மூன்றாவது, நீர்ப்பறவைகள் கூடும் ஆழமற்ற ஓரம். ஐப்பசி முதல் சித்திரை வரை வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளும் இங்கே சேர்ந்துவிடும். பெயர் தெரியாத பறவைக்குப் பெயர் கட்டிச் சொல்லாதீர்கள். “தெரியவில்லை, படம் எடுங்கள், மாலையில் புத்தகத்தில் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். மாலையில் மறக்காமல் பாருங்கள்.

நான்காவது இடம் கைவிட்ட இறால் பண்ணைகள். பல வழிகாட்டிகள் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள், அழகில்லை என்று. நான் கட்டாயம் நிற்பேன். 1980களிலிருந்து புத்தளம் கரையில் இறால் வளர்ப்புக்காகக் கண்டல் காடுகள் வெட்டப்பட்டன. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணை பண்ணையாக இறால் செத்தது. முதல் போட்டவர்கள் விட்டுப் போனார்கள், வெடித்த சதுரக் குளங்கள் மிஞ்சின. அவற்றில் சிலவற்றில் இப்போது கண்டல் மீண்டும் முளைக்கிறது. தண்ணீர் வந்துபோகும் வழியைத் திறந்துவிட்டால் விதைகள் தாமாக மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும் என்று கண்டு, அந்த முறையிலும் வேலை நடக்கிறது. இலங்கையின் கண்டல் மீட்பை 2024 இல் ஐக்கிய நாடுகள் உலகின் முன்மாதிரி மீட்புத் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது. ஒரு கண்டல் நாற்றின் முன்னே குந்தியிருந்து, அதன் இலையைக் கிள்ளாமல், அடியில் ஊன்றியிருக்கும் முட்டுக்கால் வேரை விரலால் தொட்டுக் காட்டுங்கள். உங்கள் குரலில் தானாக ஒரு மரியாதை வந்துவிடும்.

ஆனால் கண்டலோரத்தில் ஒரு மரத்தை நீங்கள் தப்பாமல் அடையாளம் காண வேண்டும். தில்லை. புத்தளத்துக்குப் பக்கத்திலேயே தில்லையடி என்ற ஊர் இருக்கிறது. இலை பழுத்துச் சிவக்கும்போது இந்த மரம் மிக அழகு, பிள்ளைகள் ஓடிப்போய்ப் பறிப்பார்கள். காம்பு ஒடிந்தால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வை மங்கி, வலியில் துடித்துவிடுவார்கள். பட்டுவிட்டால் கசக்க விடாதீர்கள். சுத்தமான தண்ணீரை ஒரு போத்தல், இரண்டு போத்தல் என்று நிறுத்தாமல் ஊற்றிக் கழுவுங்கள், நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

பாம்பு, யானை, கரடி

பாம்பைப் பற்றிய பயம் குழுவில் எப்போதும் இருக்கும். அதைக் கேலி செய்யாதீர்கள். வறண்ட வலயத்தில் நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை எல்லாம் உண்டு. கண்ணாடி விரியனை வடக்கிலிருந்து வந்தவர்கள் புடையன் என்பார்கள், அதே பாம்புதான். கட்டில் நடுவே நடக்க வேண்டும், கட்டையைத் தாண்டுமுன் மறுபக்கம் பார்க்க வேண்டும், கல்லிடுக்கில் கை விடக் கூடாது. இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் அநேகமாகப் பாம்பை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

கடித்துவிட்டால் செய்யக் கூடாதவைதான் அதிகம். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது, கல் வைக்கக் கூடாது. மோதிரம், கொலுசு, மணிக்கூடு எல்லாவற்றையும் வீங்குமுன் கழற்றுங்கள். ஆளைப் படுக்கவைத்து, கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் தடி வைத்துத் தாங்கி, 1990 அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கட்டுக்கு வாகனம் வராது என்றால் ஆளை நடத்தாதீர்கள், தூக்கிக்கொண்டு வீதிக்கு வாருங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடிப் போகாதீர்கள். ஊரில் நல்ல வைத்தியர் இருக்கிறார், மந்திரிப்பார் என்று அன்போடு சொல்லுகிறவர்கள் நிச்சயம் வருவார்கள். அவர்களிடம் தன்மையாகப் பேசுங்கள், ஆனால் வண்டி வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும்.

யானையை ஆனைவிழுந்தான் நடையில் நீங்கள் எதிர்பார்ப்பதில்லை. எலுவன்குளம், வண்ணாத்திவில்லுப் பக்கம் எப்போதும் எதிர்பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 யானைகள். அவற்றில் பெரும்பகுதி மனிதர் வாழும் இடங்களோடு கலந்தே திரிகின்றன. அந்தப் பக்கத்துக் கிராமப் பாதைகளில் நன்கு விடியுமுன்னும் மாலை நாலரைக்குப் பிறகும் நான் யாரையும் நடத்துவதில்லை. சாணத்தைப் பார்த்தால் நின்று புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். ஆவி பறந்தால் திரும்பிவிடுங்கள், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும். யானையைக் கண்டுவிட்டால் முதலில் காற்று. ஒரு பிடி மணலை விட்டுப் பாருங்கள், உங்களிடமிருந்து அதை நோக்கிப் போகிறதா என்று. காதை வீசிக்கொண்டு தின்னும் யானை உங்களைப் பொருட்படுத்தவில்லை. வீசிய காது நின்று, தும்பிக்கை உயர்ந்து உங்கள் பக்கம் திரும்பினால் அது உங்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. பேசாமல், ஓடாமல், வந்த வழியே பின்வாங்குங்கள். கன்னத்தில் மதநீர் ஒழுகும் ஆணை எட்டத்திலேயே விட்டுவிடுங்கள், படத்துக்கும் வேண்டாம்.

கரடியை அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு யானையைவிடக் கரடியிடம்தான் அச்சம். யானை எச்சரிக்கும். திடீரென்று எதிர்ப்பட்ட கரடி எச்சரிக்காமல் முகத்தை நோக்கி வரும். பாலைப்பழம் பழுக்கும் வைகாசி, ஆனி, ஆடியில் காட்டோரப் பாலை மரத்தடிகளுக்குப் போகாதீர்கள். மற்ற நாட்களில் புதரோரம் போகும்போது சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போங்கள். அங்கே மௌனம் உதவாது.

ஜீப்பில்

இரண்டாம் நாள் சாரதியோடும் திணைக்களத்தின் வழிகாட்டியோடும் நீங்கள் மூன்றாமவர். அவர்கள் பூங்காவுக்குள் மூத்தவர்கள். அவர்கள் பேசும்போது இடையில் புகாதீர்கள், தேவையானால் மொழிபெயருங்கள். இன்னொரு ஜீப்பில் சிறுத்தை தெரிந்தது என்று தொலைபேசி வந்தால், “விரட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்” என்று விருந்தினர் உங்களைத்தான் கெஞ்சுவார்கள். போகச் சொல்லாதீர்கள். பத்து ஜீப்புகள் ஒரு விலங்கை வளைத்து நிற்கும் இடத்தில் நின்று பார்ப்பதைவிட, ஒரு வில்லோரத்தில் எஞ்சினை அணைத்து அரை மணி நேரம் இருப்பது பெரிது. வில்லு என்பது ஆறு கொண்டுவந்து நிரப்பும் குளமல்ல. மணல் விளிம்பு சூழ்ந்த இயற்கைப் பள்ளம், மழைநீர் தேங்கி நிற்பது. இந்தப் பூங்காவுக்கே அடையாளம் அதுதான். எஞ்சின் நின்ற பத்தாவது நிமிடத்தில் மான்கள் தலை தாழ்த்தித் தண்ணீர் குடிக்கத் தொடங்கும். அதுவரை உங்கள் குழுவைப் பேசாமல் வைத்திருப்பதுதான் அன்றைக்கு உங்கள் வேலை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். “இங்கே புலி இருக்கிறதா?” இலங்கையில் வேங்கைப்புலி இல்லை, நம் ஊர்ப் பேச்சில் புலி என்றாலும் அது சிறுத்தைதான். “ஆண் யானைக்கு ஏன் கொம்பு இல்லை?” இலங்கையில் கொம்பன் மிகச் சில, பெரும்பாலான ஆண்களுக்குக் கொம்பு வருவதில்லை. இரண்டையும் ஏற்கெனவே அவர்கள் எங்கோ தவறாகக் கேட்டிருப்பார்கள், பொறுமையாகச் சொல்லுங்கள்.

குதிரைமலை முனையில் இறங்கினால் செம்மண்ணும் நீலக்கடலும் பார்த்து எல்லாரும் கதை கேட்பார்கள். இங்கே நாக்குக்குக் கடிவாளம் போடுங்கள். அல்லி அரசாணியின் கோட்டை என்பது ஊர் மரபு. விஜயன் கரையிறங்கிய செம்மண் கரை இதுதான் என்பது ஒரு நம்பிக்கை, அந்தத் தம்பபண்ணிக் கதையைச் சொல்வது மகாவம்சம். வரி வாங்கும் உரிமை பெற்ற அன்னியஸ் பிளோக்கமஸ் என்பவரின் ஆள் ஒருவர் காற்றில் அடிபட்டு ஹிப்புரோஸ் துறையில் ஒதுங்கினார் என்று ரோமானியரான பிளினி எழுதியிருக்கிறார். அது குதிரைமலை என்று சில ஆய்வாளர் கருதுகிறார்கள், கிரேக்கத்தில் குதிரைக்கு ஹிப்போஸ் என்று பெயர். சங்கப் பாடல்களில் வரும் குதிரைமலையும் இதுதான் என்று சொல்வோர் உண்டு. அதை மறுப்போரும் உண்டு. “மரபு சொல்கிறது”, “மகாவம்சம் சொல்கிறது”, “சிலர் கருதுகிறார்கள்” என்ற மூன்று சொற்களையும் இடம் பார்த்துப் பயன்படுத்தினால் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே ஜீப்பில் உட்கார்ந்து உங்கள் கதையைக் கேட்கலாம். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் பொம்பரிப்பில் நீங்கள் தயங்க வேண்டியதில்லை. அங்கே மண்ணுக்குள் தாழிகள் கிடைத்தன. 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தோடு சேர்ந்தும் அகழ்ந்திருக்கிறார்கள். ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிட்டுப் பேசப்படும் இடம் அது.

போரைப் பற்றியும் கேட்பார்கள். 1988 முதல் 2003 வரை பூங்கா மூடிக் கிடந்தது. திறந்த பின்னும் அமைதி நிலைக்கவில்லை. 2006 மே மாதம் பூங்காவுக்குள் கண்ணிவெடியில் ஒரு ஜீப் சிக்கியது, இறந்தவர்களில் எழுத்தாளர் நிஹால் டி சில்வாவும் ஒருவர். 2010 இல் மீண்டும் திறந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையாகப் புத்தளத்தில் குடியமர்ந்தார்கள். உங்கள் சாரதி அவர்களில் ஒருவராக இருக்கலாம், படகோட்டியும் இருக்கலாம். அவர் முன்னிலையில் அந்தக் கதையை நீங்கள் சொல்லாதீர்கள். அவர் விரும்பினால் அவரே சொல்வார், அப்போது நீங்கள் மொழிபெயர்த்தால் போதும். கேட்டதைச் சுருக்காமல், கூட்டாமல் மொழிபெயருங்கள்.

வீடு வந்த பிறகு

குழுவை வழியனுப்பிவிட்டு உடனே படுத்துவிடாதீர்கள். குறிப்புப் புத்தகத்தை எடுங்கள். என் புத்தகத்தில் ஒவ்வொரு நாளின் முதல் வரியும் ஒரே மாதிரித்தான் இருக்கும், பிறகுதான் மற்றவை. போன மாசி மாதத்து ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்:

“பதினொரு பேர் போனோம், பதினொரு பேர் வந்தோம். துருசடியில் கட்டு இடப்பக்கம் சரிகிறது, கமக்காரரிடம் சொல்லியாயிற்று. மருத மரத்தடியில் இன்றைக்கும் முதலை. பச்சைச் சட்டை ஐயாவுக்கு முழங்கால் நோவு, கேட்கும்வரை சொல்லவில்லை, அடுத்த முறை முதலிலேயே கேட்க வேண்டும். சின்னப் பிள்ளை ஆட்காட்டியின் முட்டையைக் கண்டுபிடித்தது, கூழாங்கல் நிறம், மூன்று. தூர நின்றே பார்த்தோம். நாளைக்கு அந்தப் பக்கமாகப் போகாமல் சுற்றிப் போக வேண்டும்.”